மூன்று ஆண்டு சொந்த விபிஎன், இரண்டு ஆண்டு வாடகை விபிஎன்

கோவையில் 14 பேர் வேலை செய்யும் தணிக்கை அலுவலகம் எங்களுடையது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த வாரத்தில், மூலையில் தூசி படிந்து கிடந்த கணினியில் லினக்ஸ் ஏற்றி ஓப்பன்விபிஎன் நிறுவினேன். விபிஎன் என்றால் வீட்டிலிருந்தே அலுவலக வலைப்பின்னலுக்குள் நுழையும் பாதுகாப்பான வழி. நிலையான ஐபி முகவரிக்குக் கட்டிய தொகைதான் மொத்தச் செலவு. டேலி கணக்கு மென்பொருளின் கோப்பை அதன் வழியே நேராகத் திறந்தால் ஆமை வேகம்; அலுவலகக் கணினியை வீட்டுத் திரையிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வைத்த பிறகே புலம்பல் ஓய்ந்தது.

எல்லாம் நன்றாக ஓடியது, ஒரு 20ஆம் தேதி இரவு வரை. ஜிஎஸ்டி 3பி என்னும் மாதாந்தர வரிப் படிவத் தாக்கலுக்குக் கடைசி நாள். எட்டு மணிக்கு முதல் அழைப்பு: "சார், உள்ளே போக முடியவில்லை." பத்து நிமிடத்தில் எல்லாரிடமிருந்தும் அதே அழைப்பு. சர்வருக்கும் ஒன்றுமில்லை, இணையத்துக்கும் ஒன்றுமில்லை. பதிவுகளைத் துழாவினால் ஒரு வரி அகப்பட்டது: ரத்துப் பட்டியல் காலாவதி. வேலையை விட்டுப் போனவர்களின் நுழைவுச் சான்றிதழைச் செல்லாததாக்கும் பட்டியல் அது. சான்றிதழ்களை உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ கருவி அதற்குத் தானாக வைக்கும் ஆயுள் 180 நாள். அது முடிந்துவிட்டால் போனவரோடு இருப்பவரையும் சேர்த்து வாசலில் நிறுத்திவிடும். ஆறு மாதம் முன்பு ஒருவர் விலகியபோது தொட்டதுதான், அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சரிசெய்ய ஒரே கட்டளை. கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். தவறு முழுக்க என்னுடையது. ஆனால் அன்று நான் ரயிலில் இருந்திருந்தால்?

அந்தக் கேள்வியோடுதான் வெளி நிறுவனத்திடம் போனோம். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். விலகியவரை ஒரு சொடுக்கில் வெளியேற்றலாம், கைப்பேசிக் குறியீடு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. நிம்மதிதான். ஆனால் அவர்களுடைய நுழைவாயில் மும்பையில் இருக்கிறது. பீளமேட்டு வீட்டிலிருந்து ஆர்.எஸ்.புரம் அலுவலகத்துக்கு வரவேண்டிய தரவு மும்பை போய்த் திரும்புவதால், தட்டிய எழுத்து சற்றுத் தயங்கித்தான் திரையில் விழுகிறது. புதியவரைச் சேர்க்க இரண்டு நாள். புகார் எண் மட்டும் உடனே வந்துவிடும்.

இன்னொன்று. 2022இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொண்டுவந்த விதிகளில், வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்கும் கட்டாயம் அலுவலக விபிஎன்னுக்குக் கிடையாது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கும் கட்டாயமோ நமக்கும் உண்டு, வாடகைக்கு எடுத்தாலும். எங்களுக்கு முதலில் 30 நாள்தான் தந்தார்கள்; சண்டை போட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினேன்.

வாடகை தொடர்கிறது. அந்தப் பழைய கணினியையும் விடவில்லை. அதில் வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் ஓடுகிறது, பங்குதாரருக்கும் எனக்கும் மட்டும். காலாவதியாகச் சான்றிதழே இல்லை. மாதம் 20 நெருங்கினால், "சார், அந்தப் பழைய வழியில் எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?" என்று ஒவ்வொருவராக வந்து நிற்கிறார்கள்.