ஜாம்பி வெஸ்டர்ன்: சின்ன பட்ஜெட்டில் எதற்குச் செலவழிப்பது, எதை விடுவது

கௌபாய் படத்துக்கு, அதாவது வெஸ்டர்னுக்கு, வெட்டவெளியும் வெயிலும் வேண்டும். நடமாடும் பிணமான ஜாம்பிக்கு இருட்டு, நெருக்கம், கூட்டம் வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கும்போது, வழக்கமான வெஸ்டர்னுக்குச் சரியாக இருக்கும் தேர்வுகள் பல இங்கே கைகொடுப்பதில்லை.

பிளாங்க் தோட்டாவா, சுடாத போலித் துப்பாக்கியா?

பிளாங்க் என்பது மருந்து மட்டும் உள்ள, ஈயமுனை இல்லாத தோட்டா. அதன் பலம் புகைதான். அந்தக் காலத்துக் கருமருந்து சுட்டால் வெள்ளைப் புகை முகத்தைச் சுற்றி நிற்கும், கேமராவில் அது அழகாகப் பதியும். நடிகரின் கையும் ஓரளவு இயல்பாகவே உதறும். ஆனால் குழல்வாயின் நெருப்புப்பொறி அவ்வளவு உறுதியில்லை. நொடிக்கு 24 ஃபிரேமில், ஷட்டர் பாதி நேரம் திறந்திருக்கும் 180 டிகிரி அமைப்பை வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஷட்டர் 1/48 நொடி திறந்திருக்கும், 1/48 நொடி மூடியிருக்கும். பொறியோ சில மில்லி நொடிதான். பாதிச் சூடுகளில் பொறி மூடிய நேரத்தில் விழுந்துவிடும். ஃபிரேமை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் கேமராவாக இருந்தால் பொறி ஃபிரேமின் குறுக்கே ஒரு பட்டையாக மட்டும் தெரியும். ஆக, நிஜ பிளாங்க் வெடித்தாலும் பொறியை எடிட்டில் வரைய வேண்டியிருக்கும்.

ஆபத்து அதைவிடப் பெரிது. ரிவால்வரை முன்னாலிருந்து குளோசப்பில் காட்டினால் சிலிண்டருக்குள் ஈயமுனைகள் தெரிய வேண்டும். அதற்காக முனை மட்டும் உள்ள, மருந்தில்லாத டம்மி தோட்டா போட வேண்டும், டம்மி பார்க்க நிஜத் தோட்டா போலவே இருக்கும். 1993-ல் படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இப்படித்தான்: அரைகுறையாகச் செய்த டம்மியின் முனை குழலுக்குள் சிக்கியிருந்தது, அடுத்து வைத்த பிளாங்க் அதைத் தள்ளிவிட்டது. 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவின் பொனான்ஸா கிரீக் ராஞ்சில், ஒரு சின்ன வெஸ்டர்ன் படப்பிடிப்பில் டம்மிகளோடு நிஜத் தோட்டா கலந்திருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். டம்மியைக் குலுக்கினால் உள்ளே குண்டுமணி சத்தம் கேட்க வேண்டும், அல்லது குப்பியின் பக்கவாட்டில் துளை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தோட்டாவை செட்டுக்குள் விடவே கூடாது.

ஜாம்பிப் படத்துக்கு இன்னொரு சிக்கல். ஜாம்பியைச் சாய்க்க நெற்றியில்தான் சுட வேண்டும், அதுவும் பெரும்பாலும் கையெட்டும் தூரத்தில். பிளாங்க் அந்த நெருக்கத்தில் ஆளைக் கொல்லும். 1984-ல் நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் பிளாங்க் நிரப்பிய ரிவால்வரைத் தன் தலையில் வைத்துச் சுட்டு இறந்துபோனார்.

அதனால் போலிதான் சரி. வெஸ்டர்னுக்கு இது வசதியும்கூட: 1873 மாடல் கோல்ட் ரிவால்வரில் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும், பின்னோக்கி ஓடும் ஸ்லைடு கிடையாது, காலிக் குப்பி தெறிக்காது. ஸ்பெயினின் டெனிக்ஸ் விற்கும் சுடாத உலோகப் பிரதியே போதும். ஒரே ஃபிரேமுக்குப் பொறி, பின்னால் சில நொடிகளுக்குப் புகை சேருங்கள். புகை நகரும் திசை தரையில் புழுதி பறக்கும் திசையோடு ஒத்துப்போகாவிட்டால் பார்ப்பவருக்கு உடனே உறுத்தும். தொப்பி விளிம்பில் ஒளி படாத பொறியும் ஒட்டவைத்ததாகத் தெரியும், ஃபிரேமுக்குக் கீழே ஒரு சின்ன எல்.இ.டி. ஃபிளாஷ் வைத்தால் அது தீரும். வின்செஸ்டர் ரைஃபிள் மட்டும் மேல்பக்கமாகக் குப்பியை உமிழும், லீவரை இழுக்கும் கணத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டிவிடுங்கள்.

ஜாம்பி முகம்: லேடெக்ஸ், ஜெலட்டின், சிலிக்கோன்

பாலைவனத்தில் முதலில் கழன்றுபோவது ஜெலட்டின். விலை குறைவு, உருக்கி மறுபடி ஊற்றலாம், தோல்போலவே அசையும். ஆனால் உடல் சூட்டிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் வியர்வையோடு வழிந்துவிடும். ஏசி அறைக்குள் எடுக்கும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

லேடெக்ஸ் எனும் திரவ ரப்பரும் டிஷ்யூ பேப்பரும் கூட்டத்துக்கு ஏற்றவை. ஒரு பூச்சு, அதன்மேல் ஒற்றை அடுக்கு டிஷ்யூ, மறுபடி பூச்சு. வெண்மை போய்க் கண்ணாடிபோல் ஆனபிறகே அடுத்த அடுக்கு. இரண்டு மூன்று அடுக்கானதும் விரலால் கிழித்தால் தொங்கும் சதை தயார். அடியில் தேங்கும் வியர்வை தாடை ஓரத்தைத் தூக்கிவிடும், முன்கூட்டியே ப்ரோஸ்-எய்ட் பசையை மெல்லியதாகப் பூசினால் கொஞ்சம் தாங்கும். புருவத்துக்கு வாசலின் கட்டாயம், இல்லாவிட்டால் பிய்க்கும்போது முடியும் வரும். லேடெக்ஸில் அம்மோனியா இருப்பதால் கண்ணருகே வேண்டாம். ஒவ்வாமை உள்ளதா என்று முந்தைய நாளே மணிக்கட்டில் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பிளாட்டினம் சிலிக்கோன் வெயிலைத் தாங்கும், குளோசப்பிலும் நிற்கும். இரண்டு திரவங்களை அதன் பொட்டலத்தில் சொன்ன விகிதத்தில், பல வகைகளில் 1:1 அளவில், கலக்க வேண்டும். பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: லேடெக்ஸ் கையுறை போட்டுக் கலக்கினால் சிலிக்கோன் இறுகவே இறுகாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும். நைட்ரைல் கையுறை வாங்குங்கள். சாதாரண மேக்கப்பும் அதன்மேல் நிற்காது, ஆல்கஹாலில் கரையும் நிறங்கள்தான் பிடிக்கும்.

கேமராவுக்கு அருகே வரும் மூன்று நான்கு பேருக்கு மட்டும் சிலிக்கோன், நடுவரிசைக்கு லேடெக்ஸ், பின்வரிசைக்குத் தொப்பி, கழுத்துத்துணி, கையுறை, மேலே ஃபுல்லர்ஸ் எர்த் புழுதி. நம் ஊர்க் கடைகளில் முல்தானி மிட்டி என்று விற்கும் அதே மண்தான். புழுதி தூவும்போது குழுவினர் முகக்கவசம் அணிய வேண்டும்.

போலி ரத்தத்தில் கார்ன் சிரப் (சோளப்பாகு) வேண்டாம். நிறம் அருமை, ஆனால் வெயிலில் ஈயும் எறும்பும் மொய்க்கும், உடை விறைத்துப்போகும். மெதில்செல்லுலோஸ் எனும் கெட்டியாக்கும் தூளில் செய்த ரத்தத்தில் சர்க்கரை இல்லை. 4000 கிரேடு தூள் லிட்டருக்கு 15 கிராம்: முதலில் மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கைச் சுடுநீராக எடுத்து அதில் தூளைக் கலக்கிவிட்டு, பிறகு மீதியைக் குளிர்ந்த நீராகச் சேருங்கள், அப்போதுதான் கெட்டியாகும். நேரே குளிர்நீரில் போட்டால் கட்டி கட்டியாகும். பழைய பிணத்துக்குச் சிவப்பைவிடப் பழுப்பே பொருத்தம்.

இரவு: பகலில் எடுத்து இருட்டாக்குவதா, நிஜ இரவா?

பகலை இரவாக்க ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின், எக்ஸ்போஷர் சுமார் 2 ஸ்டாப் (கால் பங்கு ஒளி) என்ற அளவுக்குக் குறைவு, சூரியன் நடிகர்களுக்குப் பின்னால், வானம் ஃபிரேமில் வேண்டாம். ஜாம்பிக் கூட்டம் குன்றிலிருந்து இறங்கும் தூரக் காட்சிக்கு இதுதான் மலிவு. ஆனால் லாந்தர் ஏந்திய காட்சி இதில் நடக்காது, வெயிலில் லாந்தர் எரிவதே தெரியாது. லாந்தர் காட்சிகளை நிஜ இரவில் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறனில் 12800-ஐ இரண்டாவது அடிப்படை அளவாகக் கொண்ட சோனி எஃப்.எக்ஸ்.3 போன்ற கேமராவும் உள்ளே எல்.இ.டி. வைத்த லாந்தரும் இருந்தால் பெரிய ஜெனரேட்டர் தேவையில்லை. மரச் செட்டில் மண்ணெண்ணெய்த் தீ வேண்டவே வேண்டாம்.

ஊர்

ஸ்பெயினின் டபெர்னாஸில் ஃபோர்ட் பிராவோ, மினி ஹாலிவுட் எனும் வெஸ்டர்ன் செட் ஊர்கள் இன்றும் நிற்கின்றன, ஆனால் பகலில் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். கலிஃபோர்னியாவின் பயனியர்டவுன் 1946-ல் தொடங்கியது, அங்கே ஆட்களும் குடியிருக்கிறார்கள். பாரமவுண்ட் ராஞ்சின் மேற்கத்திய ஊரின் பெரும்பகுதி 2018 நவம்பர் காட்டுத்தீயில் எரிந்துபோனது. இப்படியொரு செட் ஊரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தெருக் காட்சிகளை மட்டும் முடித்துவிட்டு, உள்காட்சிகளை ஏதாவதொரு பழைய களஞ்சியத்தில் எடுப்பது லாபம். வாடகை ஊரில் பல கட்டடங்கள் முகப்பு மட்டுமே, ஜாம்பி கதவை உடைத்து நுழையும்போது பின்னால் முட்டுக்கட்டைகளும் வானமும் தெரிந்துவிடும். கதவுக்கு நான்கடி பின்னால் கனமான கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அதன்மேல் வெயில் படாத நேரம் பார்த்து அந்த ஷாட்டை எடுங்கள்.