256இலிருந்து 1 டிபிக்கு: குளோனா, புது விண்டோஸா, கடையா?

சி டிரைவின் பட்டை சிவப்பாகி மாதக்கணக்கான பிறகும், நாலு படத்தை அழித்து, குப்பைத் தொட்டியை வெறுமையாக்கிச் சமாளித்துக்கொண்டே இருப்போம். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரீச்சரின் லப்டொப்பும் அப்படித்தான் கிடந்தது. பெட்டியில் 256 ஜிபி என்று போட்ட எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்), விண்டோஸ் கணக்கில் 238. அதில் மிச்சம் 9. “தம்பி, பெரிசா ஒண்டு போட்டுத் தாங்கோ. ஆனா உள்ளுக்குள்ள இருக்கிறது ஒண்டும் மாறக்கூடாது” என்றார்.

பெரிதாக ஒன்றைப் போடுவது பத்து நிமிட வேலை. ஒன்றும் மாறாமல் போடுவதுதான் வில்லங்கம். ரீச்சருடையதோடு சேர்த்து இதுவரை நாலு கணினிகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே வழி சரிவரவில்லை.

வாங்கும் முன் ஒன்று. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே 22 மிமீ அகல, 80 மிமீ நீளக் குச்சி சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளில் எதுவாகவும் இருக்கலாம். சாட்டா என்றால் நொடிக்கு 550 எம்பிக்கு மேல் ஏறாது. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை போகும். சில பழைய லப்டொப்புகளின் எம்.2 துளை சாட்டாவை மட்டுமே ஏற்கும், ஆகவே மொடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். குளோன் செய்ய, அதாவது பழையதை அப்படியே பிரதியெடுக்க, வாங்கும் யூஎஸ்பி உறையும் (எஸ்எஸ்டியை வெளியே இருந்து இணைக்கும் கூடு) அதே வகையாக இருக்கவேண்டும். நான் முதலில் வாங்கியது சாட்டா உறை. சரியானதை மச்சான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் கொண்டுவரும் வரை மூன்று நாள் புது எஸ்எஸ்டி மேசையில் சும்மா கிடந்தது.

குளோன்

புது எஸ்எஸ்டியை உறைக்குள் போட்டு யூஎஸ்பியில் செருகி, பழையதை அப்படியே அதன் மேல் பிரதியெடுப்பது. ரீச்சரின் 220 சொச்சம் ஜிபி ஏற அரை மணித்தியாலம் போனது. முடிந்ததும் இரண்டையும் இடம் மாற்றினால், வோல்பேப்பர் முதல் வைஃபை பாஸ்வேர்ட் வரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

கருவிகளில் சாம்சங்கின் கருவி, புதியது சாம்சங் எஸ்எஸ்டியாக இருந்தால்தான் வேலை செய்யும். குரூசியல், டபிள்யூடி வாங்கினால் அக்ரோனிஸின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கும். எல்லாரும் கைகாட்டும் மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுவிட்டது. இப்போது 30 நாள் சோதனைப் பதிப்புத்தான், ஒரு தடவை வேலைக்கு அது போதும். என் கை போவது குளோன்சில்லாவுக்கு. தைவானில் உருவானது, முழு இலவசம், பென்டிரைவில் இருந்து ஓடும். நீலத் திரையும் எழுத்து மெனுவுமாகப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

பயப்படவேண்டிய இடம் உண்மையில் ஒன்றுதான்: எது மூலம், எது இலக்கு என்று கேட்கும் இடம். மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க்கை எடுத்து உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். அளவைப் பாருங்கள், 256 என்று இருப்பது பழையது, 1000 என்று இருப்பது புதியது. குளோன்சில்லா திரும்பத் திரும்ப உறுதி கேட்பது அலுப்பாக இருக்கும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாசித்துவிட்டே ‘Y’ விசையை அழுத்துங்கள்.

மூலம் சரியாக இருந்தால் இடையில் கரண்ட் போனாலும் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் பழைய டிஸ்க் வாசிக்கப்படுகிறதே தவிர அதில் எதுவும் எழுதப்படுவதில்லை. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு இலங்கை முழுக்க இருட்டிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகமிருக்கும். அன்று மச்சானின் மேசைக் கணினியில் குளோன் ஓடிக்கொண்டிருந்தது. யூபிஎஸ் இல்லை. கரண்ட் வந்த பிறகு முதலில் இருந்து ஓடவிட்டேன், அவ்வளவுதான். லப்டொப் என்றால் பெட்டரி வேறு இருக்கிறது.

இனித்தான் குளோனின் மூன்று சில்லறைத் தொல்லைகள்.

முதலாவது, விண்டோஸின் வேகத் தொடக்கம் (ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்). அது இயங்கும்போது நாம் நிறுத்தினாலும் கணினி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உள்ள சி டிரைவைக் குளோன்சில்லா பிரதியெடுக்க மறுக்கும். பவர் அமைப்பில் போய் அதை அணைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, பிட்லொக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புது விண்டோஸ் 11 லப்டொப்புகள் பலவற்றில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததுமே நமக்குச் சொல்லாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட்டிய டிஸ்க்கைக் குளோன்சில்லா உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வெற்றிடத்தையும் சேர்த்துத்தான் எடுக்கும், பெரிதாக்கவும் முடியாது. அமைப்புகளில் போய்ப் பூட்டை நீக்கி, அது முழுதாக முடியும் வரை பொறுங்கள். 48 இலக்க மீட்புச் சாவியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மூன்றாவதுதான் ஆட்களைக் குழப்புவது. குளோன் நன்றாக முடிந்து, விண்டோஸும் எழும்பி, சி டிரைவைப் பார்த்தால் அதே 230 சொச்சம் ஜிபி. மிச்சம் 690 ஜிபிக்கு மேல் கறுப்புப் பட்டையாக ஒதுங்கிக் கிடக்கும். சி டிரைவின் மேல் வலது சொடுக்கினால் பெரிதாக்கும் தெரிவு மங்கியிருக்கும். காரணம், இரண்டுக்கும் நடுவில் சில நூறு எம்பி அளவில் மீட்புப் பகுதி ஒன்று மதில் மாதிரி நிற்கிறது. விண்டோஸின் சொந்தக் கருவி பக்கத்தில் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே சேர்க்கும். பென்டிரைவில் ஜிபார்ட்டட் என்ற டிஸ்க் பிரிக்கும் கருவியை ஏற்றி அந்த மதிலைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு சியை நீட்டினால் சரி. மேக்ரியத்தில் என்றால் பிரதியெடுக்கும் முன்பே சுட்டியால் இழுத்து அளவு வைக்கலாம், இந்த ஒரு விடயத்தில் அது குளோன்சில்லாவை வெல்கிறது. குளோன்சில்லாவிலும் விகிதப்படி பெரிதாக்கும் தெரிவு உண்டு, ஆனால் அது மீட்புப் பகுதியையும் சேர்த்து வீங்கவைக்கும்.

சாட்டாவில் இருந்து என்விஎம்இக்கு மாறுகிறவர்கள் முதல் தடவை விண்டோஸின் நீலப் பிழைத் திரையைப் பார்த்தால் பதறவேண்டாம். ஒருமுறை பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) எழுப்பினால் பெரும்பாலும் தேவையான டிரைவரை அதுவே பிடித்துக்கொள்ளும்.

புது விண்டோஸ்

குளோன் நோயையும் சேர்த்தே பிரதியெடுக்கும். அடிக்கடி உறைகிற, வைரஸ் வந்துபோன, ஐந்து வருடமாக எதை எதையோ ஏற்றி இறக்கிய விண்டோஸைப் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் புது நிறுவல்தான். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இது நல்ல தருணம், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

லைசன்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். போகாது. பிராண்ட் லப்டொப்புகளின் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகச் செயற்படும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும், 5 ஜிபிக்கு மேல் தரவிறக்கவும் வேண்டும். அதன் பின்னால் வரும் அப்டேட்கள் வேறு. ஃபோன் டேட்டாவை நம்பியிருக்கும் வீடு என்றால் ஃபைபர் உள்ள சிநேகிதர் வீட்டுக்குப் போவது புத்தி. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான சில லப்டொப்புகளில் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. எஸ்எஸ்டி பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும் ஆர்எஸ்டி என்ற இன்டெலின் சேமிப்பு டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்றினால் தெரியும்.

விண்டோஸ் ஏறுவது இருபது நிமிடம். பழையபடி வேலை செய்யும் நிலைக்கு வர ஒரு சனி ஞாயிறு முழுதாகப் போகும். அதிலும் நம்மூரில் பாமினி என்று ஒரு சங்கதி இருக்கிறது. ரீச்சரிடம் பதினைந்து வருட வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அது யூனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். புது விண்டோஸ் போட்ட இன்னொரு வீட்டில் இதைப் பார்த்து, “எல்லாக் கோப்பும் பழுதாப் போச்சு” என்று அழாக்குறையாகக் கோல் எடுத்தார்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் எல்லாம் வந்தது. புது நிறுவல்தான் என்று முடிவெடுத்தால், எழுத்துருக் கோப்புறையையும் தமிழ் விசைப்பலகை மென்பொருளையும் முதல் வேலையாகப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். சீடி தொலைந்துபோன கணக்கு மென்பொருளோ பழைய பிரின்டர் டிரைவரோ இருந்தால் மறுபேச்சில்லை, குளோன்தான்.

படிமம்

உறை இல்லை, துளையும் ஒன்றுதான், ஆனால் எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் இருக்கிறது என்பவர்களுக்கு இது. முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாக அதில் சேமித்து, எஸ்எஸ்டியை மாற்றிய பின் திரும்ப விரிப்பது. நேரம் இரட்டிப்பாகும். கையில் ஒரு காப்புப் பிரதி மிஞ்சும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கடை

ஸ்குறூவைக் கண்டாலே கை நடுங்குகிறவர்களுக்குக் கடைதான் நல்லது, அதில் வெட்கமில்லை. ஆனால் என் தங்கையின் லப்டொப் ஒரு கடைக்குப் போய் வந்தபோது ‘மை டொகுமென்ட்ஸ்’ மட்டும்தான் திரும்பி வந்தது. டெஸ்க்டொப்பில் கிடந்த ஒப்படை போய்விட்டது, லைசன்ஸ் உள்ள விண்டோஸ் ஹோம் இருந்த இடத்தில் களவு புரோ ஒன்று. கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: குளோன் செய்வீர்களா, போர்மட் அடிப்பீர்களா? பழைய எஸ்எஸ்டி கையில் திரும்பக் கிடைக்குமா? இரண்டாவதற்கு இழுத்துப் பதில் சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.

ரீச்சருக்குக் குளோன்தான் செய்தேன். பின் மூடியைத் திறந்ததும் பெட்டரி இணைப்பைக் கழற்றினேன். எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் அந்த ஒற்றை ஸ்குறூ ஒரு அரிசிமணி அளவு கூட இல்லை, விழுந்தால் பாயிழையில் போய்விடும் என்று போத்தல் மூடிக்குள் போட்டு வைத்தேன். மாற்றி எழுப்பிக் கொடுத்தபோது ரீச்சர் முதலில் திறந்து பார்த்தது ஒன்பதாம் ஆண்டு வினாத்தாள். “ஒண்டும் மாறேல்லை” என்றார். நீலமாகிவிட்ட பட்டையைக் கவனிக்கவே இல்லை.

பழைய எஸ்எஸ்டி மேல் ரேப் ஒட்டி, திகதி எழுதி, அவரது மேசை லாச்சியில் வைத்திருக்கிறோம். ஒரு மாதத்துக்குக் கை வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஏதாவது காணவில்லை என்றால் உறையில் போட்டு எடுக்கலாம். அப்போது விண்டோஸ் அதை ‘ஒஃப்லைன்’ என்று காட்டினால், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால்தான், டிஸ்க் மேலாண்மையில் ஒன்லைன் ஆக்கினால் திறக்கும். மாதம் கழிந்தால் போர்மட் அடித்து, வினாத்தாள்களுக்கு இன்னொரு பிரதி வைக்க அதையே பாவிக்கலாம்.