திரும்பிப் போவதா, சரிசெய்வதா?

விண்டோஸை மேம்படுத்திய மறுநாளே ஒரு மென்பொருள் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? பழைய பதிப்புக்குத் திரும்புவது சுலபமாகத் தெரியும். ஆனால் விண்டோஸ் 11 அதற்குப் பொதுவாக 10 நாள்தான் தருகிறது. இடையில் நிறுவிய மென்பொருள்களும் போய்விடும்.

சரிசெய்வதற்குக் கெடு இல்லை, பொறுமைதான் வேண்டும். நான் முதலில் இதைத்தான் செய்வேன். விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், மென்பொருள் எந்தக் கோப்பால் முறிந்தது என்று பாருங்கள். அங்கே கிராஃபிக்ஸ் டிரைவரின் (திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளின்) பெயர் இருந்தால் அதைப் புதுப்பித்துப் பார்க்கலாம். அப்புறம், நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலும் பழைய அமைப்புகள் பல சமயம் ஆப்டேட்டா (AppData) என்ற மறைந்த ஃபோல்டருக்குள் தங்கிவிடும். அதற்குள் இருக்கும் அந்த மென்பொருளின் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

மேக்கில் கதை வேறு. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு முதல், பழைய வகையான 32 பிட் செயலிகள் ஓடவே ஓடாது. அங்கே மறுபடி நிறுவுவது வீண் வேலை.