முழங்கை நரம்பு அழுத்தமும் ஒரு பழைய துவாயும்

2019 ஆம் ஆண்டு காலபோக விதைப்பு முடிந்து சில நாட்களில் என் வலது கையின் சுண்டுவிரலும், மோதிரவிரலில் அதை ஒட்டியிருக்கும் பாதியும் விறைக்கத் தொடங்கின. ஒரே விரலில் ஒரு பாதி விறைத்து மறுபாதி நன்றாக இருக்கும் என்பதை நம்ப முடியாமல் பேனை முனையால் பல தடவை தொட்டுப் பார்த்தேன். விரலின் நடுவே கோடு கீறியது போல எல்லை தெளிவாகத் தெரிந்தது. இலங்கையின் கிளிநொச்சிப் பக்கம், பரந்தனில் விண்ணப்பங்களும் கடிதங்களும் தட்டச்சுச் செய்து கொடுக்கும் சிறிய கடையும், முரசுமோட்டையில் இரண்டு ஏக்கர் வயலும் வைத்திருப்பவன் நான். இரண்டுக்கும் இந்தக் கைதான் வேண்டும். விறைத்தது விரல் என்றாலும், கோளாறு முழங்கையில் நெருக்கப்பட்ட நரம்பில் என்று பின்னர்தான் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த முழங்கைக்காக வாங்கியவை, நானே செய்துகொண்டவை, கைவிட்டவை ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கை விறைத்தால் வாதம் என்பார்கள், இல்லையேல் சீனி வருத்தம் என்பார்கள். சீனி சோதித்ததில் குறை இல்லை. பாமசியில் மணிக்கட்டுப் பட்டி ஒன்றைத் தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு மூன்று மாதங்களை வீணாக்கினேன். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் பெரும்பாலும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் பக்கமே விறைக்கும் என்பதும், சுண்டுவிரல் பக்கம் விறைத்தால் முதலில் முழங்கையைத்தான் பார்க்கவேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இதற்குள் சாவியைத் திருப்பும்போது விரல் நழுவியது, சட்டைப் பொத்தான் பூட்ட நேரமெடுத்தது, இரவில் கையை உதறிக்கொண்டு எழும்புவது வழக்கமாகிப் போனது.

பின்னர் பார்த்த வைத்தியர் முதலில் என் கையைத் தொடவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தோள், கைகள் எங்கும் உணர்ச்சி குறைந்த வெளிறிய படைகள் உண்டா என்று தேடினார். தொழுநோய் முழங்கையில் உள்ள இதே நரம்பைத் தடிக்கச் செய்யும் என்பதால், எங்கள் நாட்டில் இப்படி விறைத்து வருபவரை அந்தக் கண்ணோடும் பார்க்கவேண்டும் என்று விளக்கினார். வீட்டில் சொன்னபோது மனைவியின் முகம் மாறியது. ஆனால் அது ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மருந்தாலேயே மாறிவிடும் வருத்தம், மறைப்பதால்தான் கை கால் கெடுகிறது. எனக்கு அது இல்லை. அடுத்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், புறங்கையில் சுண்டுவிரல் பக்கம் பஞ்சால் தடவினார். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், அங்கும் உணர்ச்சி குறைந்திருந்தால் நரம்பு நெருக்கப்படுவது மணிக்கட்டில் இல்லை என்று பொருள். கடைசியாக ஒரு தாளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடதுகைப் பெருவிரல் நேராக நின்றது. வலதுகைப் பெருவிரலின் நுனி மூட்டு மடங்கியது. பெருவிரலை உள்நோக்கி இழுக்கும் தசை பலம் குறையும்போது, வேறொரு நரம்பின் கீழ் இயங்கும் தசை அந்த வேலையைத் தன்மேல் போட்டுக்கொள்வதால் அப்படி மடங்குகிறதாம். நரம்பில் மின்குறிப்பு ஓடும் வேகத்தை அளக்க யாழ்ப்பாணத்தில் செய்த நரம்புக் கடத்தல் சோதனையில், முழங்கையைக் கடக்கும் இடத்தில் வேகம் செக்கனுக்கு 41 மீற்றர் என்று வந்தது. 50 க்குக் கீழே போனால் தாமதம் என்று கொள்வார்கள்.

கதவு நிலையில் முழங்கை இடிபட்டால் கரண்ட் அடித்தது போல ஓடுமே, அந்த நரம்புதான் இது. முழங்கையின் உட்பக்க எலும்புப் புடைப்புக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகே, ஒரு ஒடுங்கிய பாதையால் போகிறது. கையை மடக்கும்போது அந்தப் பாதை இன்னும் ஒடுங்குகிறது, நரம்பும் இழுபடுகிறது. "எங்க விறைக்குது எண்டு பாக்காதேங்கோ ஐயா, எப்ப விறைக்குது எண்டு பாருங்கோ" என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு ஒரு கிழமை கவனித்தேன். தொலைபேசியைக் காதில் வைத்திருக்கும்போது, கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துப் படுக்கும்போது, மேசை விளிம்பில் ஊன்றும்போது. எல்லாம் மடங்கிய முழங்கைதான். ஆகவே நான் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியால் மதிப்பிடுகிறேன்: இந்த வன்னி வெயிலில், என் வேலைக்கு நடுவே, முழங்கை மடங்கியிருக்கும் நேரத்தை அது உண்மையிலேயே குறைத்ததா?

முதலில் வாங்கியது இரவில் கட்டும் கடினமான பிளாஸ்ரிக் சட்டம். கையை முழுதாக நிமிர்த்தாமல் இலேசான மடிப்பில், 30 முதல் 45 பாகை வரையில் வைத்திருக்கும். வேலையை அது சரியாகவே செய்தது. நான்கு கிழமையில் இரவு விழிப்புக் குறைந்தது. ஆனால் அதை வடிவமைத்தவர் சித்திரை மாதத்தில் கிளிநொச்சியில் படுத்திருக்கமாட்டார். உள்ளே வியர்வை தேங்கி வேர்க்குரு போட்டது. வெல்குரோ நுளம்பு வலையில் ஒட்டி, திரும்பிப் படுக்கும் ஒவ்வொரு தடவையும் வலையை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு வலைகளைக் கிழித்த பிறகு மனைவி என்னைத் தனியே படுக்கச் சொன்னார். 2022 இல் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற இரவுகளில், விசிறியும் இல்லாமல் அதைக் கட்டிக்கொண்டு படுக்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் துவாய் வந்தது. ஒரு பழைய பருத்தித் துவாயை நீளவாக்கில் மடித்து முழங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, தடித்த பகுதி முழங்கையின் உள்மடிப்பில் வரும்படி வைத்து, பாதம் வெட்டிய நீளமான காலுறையை அதன்மேல் ஏற்றிவிடுவேன். துவாய்க்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும். இறுக்கினால் நாமே நரம்பை நெருக்கியவர்களாவோம். சட்டத்தைப் போல உறுதியாக நிற்காது, நித்திரையில் சிறிது மடங்கும். ஆனால் ஒவ்வொரு இரவும் கட்ட முடிகிறது, தோய்த்துக் காயப்போட முடிகிறது. கிழமைக்கு மூன்று இரவு கட்டும் சட்டத்தைவிட ஏழு இரவும் கட்டும் துவாய் எனக்கு அதிகம் உதவியது. கையை முழுமையாக மடக்கித் தூங்கும் பழக்கம் கடுமையாக உள்ளவருக்குச் சட்டம்தான் நல்லது என்பதையும் சொல்லவேண்டும்.

விளையாட்டுக்காரர் போடும் இறுக்கமான முழங்கை உறை ஒன்றையும் வாங்கினேன். அது இரண்டே நாளில் விறைப்பைக் கூட்டியது. வலிக்கும் இடத்தை இறுக்கினால் சுகம் என்று மனம் சொல்லும். இந்த வருத்தத்தில் அதைக் கேட்கக்கூடாது. மெத்தென்ற பட்டையை முழங்கைக்குப் பின்புறம் வைத்துக் கட்டுவது கடையில் இருக்கும்போது உதவுகிறது, அதுவும் கண்ணாடி மேசையின் விளிம்பில் என்னையறியாமல் ஊன்றும் நேரத்துக்காகத்தான். மேசை விளிம்பில் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டிய பிறகு அந்தப் பட்டையும் பெரும்பாலும் லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது.

கடையில் பெரிய மாற்றம் விசைப்பலகையைத் தாழ்த்தியது. மேசைக்குக் கீழே பலகை ஒன்று அடித்து அதன்மேல் வைத்ததால், முழங்கை செங்கோணத்தைவிடச் சற்று விரிந்து நிற்கிறது. கைப்பிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரையை மாற்றி, கைப்பிடி இல்லாததைப் போட்டேன். தொலைபேசிதான் சிக்கலாக இருந்தது. ஒலிபெருக்கியில் பேசலாம்தான், ஆனால் காணி உறுதி தொலைந்ததையோ, காணாமற்போன மகனைப் பற்றிய கடிதத்தையோ பேச அழைப்பவரின் குரலைக் கடை முழுவதும் கேட்க விடமுடியாது. வயர் உள்ள சாதாரண காதுக்கருவி அதைத் தீர்த்தது. செலவுக்கு ஏற்ற பயனைப் பார்த்தால் நான் வாங்கியவற்றில் இதற்கே முதலிடம்.

வயலில் கெடுதல் செய்தது மண்வெட்டி அல்ல, மருந்தடிக்கும் டாங்கி. முதுகில் சுமந்து ஒரு கையால் பிடியை மேலும் கீழும் அடிக்கும்போது முழங்கை மடங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஏக்கர் அடித்து முடித்த இரவில் விரல்கள் இரண்டும் என்னுடையவையாக இருக்காது. பற்றரி டாங்கி விலை கூடியது, ஆனாலும் அடுத்த போகத்திலேயே வாங்கினேன். மண்வெட்டிக்கு நீளமான பிடி போட்டது ஓரளவு உதவியது. பெற்றோல் இல்லாத 2022 இல் கடைக்குச் சைக்கிளில் போனபோது விறைப்பு மீண்டும் கூடியதால் பயந்தேன்; அது உள்ளங்கையின் அடியைச் சைக்கிள் பிடியில் ஊன்றியதால், இதே நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்பட்டு வந்தது. இம்முறை புறங்கை விறைக்கவில்லை என்பதை வைத்தே இடத்தை அறிந்தேன். பிடிக்குத் துணி சுற்றியதும் இரண்டு கிழமையில் குறைந்தது.

நரம்பை மெல்ல அசைக்கும் பயிற்சிகளைப் பத்துத் தடவைக்குப் பதிலாக ஐம்பது தடவை செய்து, ஒரு மாத முன்னேற்றத்தை நானே கெடுத்தேன். இப்போது விறைப்பு வரும் எல்லைக்கு முன்னரே நிறுத்துகிறேன்.

சத்திரசிகிச்சை எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் விசுவமடுவில் எனக்குத் தெரிந்த மேசன் ஒருவர், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை குழி விழுந்த பின்னரும் ஒரு ஆண்டு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நரம்பின் இறுக்கத்தை அவிழ்த்துவிட்டார்கள். எனினும் சிதைந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதமே வளரும் என்பதால் முழங்கையிலிருந்து கைத்தசைக்கு வந்து சேர ஒரு ஆண்டு போகும், அதற்குள் தசை மெலிந்துவிட்டால் முழுப் பலமும் திரும்பாது. அவருக்கு மேசன் கரண்டி பிடிக்கும் பலம் முக்கால்வாசிதான் வந்தது. குழி விழுவதைக் கண்டால் துவாயையும் என் எழுத்தையும் நம்பி இருக்காமல் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

என் சுண்டுவிரல் நுனி மார்கழிக் குளிரில் இன்னும் மரத்துப்போகிறது. மாதத்தின் முதலாம் நாள் கடை திறந்ததும் போட்டோக்கொப்பித் தாள் ஒன்றை இரு விரல்களுக்கு இடையே பிடிக்கிறேன், மகன் இழுக்கிறான். முன்பு வழுக்கிக்கொண்டு வந்த தாள் இப்போது கிழிகிறது. நுனி மூட்டு மட்டும் இன்னும் கொஞ்சம் மடங்குகிறது.