அணுவை விழ விடுவதா, பிடித்து வைப்பதா? ஏற்காட்டு மலையை வைத்து ஒரு கணக்கு

ஏற்காட்டு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது நின்று கீழே சேலத்தைப் பார்த்தால் எனக்கு அணுவைக் கொண்டு ஈர்ப்பை அளக்கும் ஒரு கணக்குதான் ஓடும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர், சேலம் 280 மீட்டர். இந்த 1200 மீட்டருக்கும் காற்றில்லாத குழாய் ஒன்றை நிறுத்தி, உச்சியிலிருந்து ஓர் அணுவை விட்டால் 16 நொடிக்குள் அடிவாரம் வந்துவிடும். அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியலாளர் ஹோல்கர் முல்லரின் குழு 2019-இல் சீசியம் அணுக்களை 20 நொடி தாங்கி வைத்து ஈர்ப்பை அளந்தது. அதற்கு மலை தேவைப்படவில்லை, எதிரெதிரே வைத்த இரண்டு ஆடிகள் போதுமாக இருந்தன.

அணுவை விழ விட்டு ஈர்ப்பை அளப்பது, பிடித்து வைத்து அளப்பது என்ற இரண்டு வழிக்கும் அடிப்படை ஒன்றுதான். நன்றாகக் குளிர்வித்த அணுவின் அலையை லேசர் துடிப்பால் இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு உயரங்களில் இருக்க விட்டு, திரும்பச் சேர்க்கிறோம். இடையில் ஈர்ப்பு செய்த வேலை, சேரும் அலைகளின் கட்ட வேறுபாடாக, அதாவது அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும் அளவாகத் தெரியும்.

விழ விடும் வழியை 1991-இல் ஸ்டான்ஃபோர்டில் இயற்பியலாளர்கள் மார்க் காசெவிச்சும் ஸ்டீவன் சூவும் செய்து காட்டினார்கள். இதில் நேரத்தை இரட்டித்தால் உணர்திறன் நான்கு மடங்கு கூடும். ஆனால் விழும் தூரமும் நான்கு மடங்காகும். அதனால்தான் ஸ்டான்ஃபோர்டில் 10 மீட்டர் உயரத்துக்குக் கோபுரமே கட்டினார்கள். அங்கே 2015-இல் ஒரே அணுவின் இரு பகுதிகளை 54 சென்டிமீட்டர் பிரித்துக் காட்டியதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

பெர்க்லியில் எதிரெதிரே வைத்த அந்த இரண்டு ஆடிகளுக்குப் பெயர்தான் ஆப்டிகல் கேவிட்டி. இந்த வழியில், ஆடிகளுக்கு நடுவே ஒளி திரும்பத் திரும்ப ஓடிச் செறிவாகிறது. சின்ன லேசரே போதும். ஒளியலையின் வடிவத்தில் உள்ள கோணல்களையும் கேவிட்டியே வடிகட்டிவிடும். கேவிட்டிக்குள் விழ விடும் அணுக்களுக்கும் இந்த இரண்டு நன்மைகளும் உண்டு. ஆனால் பெரிய லாபம் வேறு: உள்ளே நிற்கும் ஒளியலை படிக்கட்டுபோல அமைந்து, அணுக்களை விழாமல் தாங்குகிறது. 2024-இல் அதே பெர்க்லி குழு 70 நொடி வரை போய்விட்டது. அணுவை மேலே எறிந்து அதே 70 நொடியை எட்ட வேண்டுமானால் 6 கிலோமீட்டர் உயரக் குழாய் வேண்டும்!

அப்படியென்றால் கேவிட்டிதான் வென்றது என்று சொல்லிவிடலாமா? முடியாது. தாங்கி வைக்கும்போது இரு பகுதிகளுக்கும் இடைவெளி சில மைக்ரோமீட்டர்தான். நேரம் இரட்டித்தால் பலனும் இரட்டிக்குமே தவிர, நான்கு மடங்காகாது. கேவிட்டிக்குள் ஒளிக்கற்றையும் மெல்லியது, அதில் அடங்கும் அளவுக்கு அணுக்கூட்டம் குளிர்ந்து சுருங்க வேண்டும். ஒளி சீராக இல்லாவிட்டால் பிரிந்த அலைகள் ஒத்திசைவை இழந்துவிடும்.

இதற்கெல்லாம் ஈடாக ஒன்று கிடைக்கிறது. விழும் அணுக்களின் அளவீட்டில், லேசரைத் திருப்பியனுப்பும் ஆடியின் நடுக்கம் அப்படியே ஏறும், பிடித்து வைத்த அணுக்களில் அது வெகுவாக அடங்கிவிடும். வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கம், லாரி, வெடி என்று தரை சும்மா இருக்காத சேலத்துக்காரனுக்கு இது சின்ன விஷயமா?

ஈர்ப்பை அளக்கும் பழைய கருவியான சுருள்வில் கிராவிமீட்டரையும் சொல்ல வேண்டும். கையில் தூக்கிப் போகலாம். ஆனால் ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தரும், நாள்பட அதன் அளவு நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு மீட்டர் ஏறினால் ஈர்ப்பு சுமார் 1 கோடியில் 3 பங்கு குறையும், மலைப்பாறையின் இழுப்பு அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை வளைவுக்கு வளைவு நிறுத்தி இதை அளக்க வேண்டுமானால், இன்றைக்கு நான் விழும் அணுவைத்தான் எடுப்பேன். முல்லர் குழுவே பெர்க்லி குன்றுகளில் வண்டியில் ஏறி அளந்தபோது கொண்டுபோனது அந்த வகையைத்தான். பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2022-இல் தரைக்கடியில் சுரங்கவழியைக் கண்டறிந்ததும் அப்படித்தான். வண்டியில் அலைய வேண்டாம், கஞ்சமலை அடிவாரத்தில் ஒரே இடத்தில் கருவியை வைத்து, பக்கத்தில் இருக்கும் சின்ன நிறையின் இழுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் கேவிட்டிதான்.