255 பம்ப், 550 சிசி இன்ஜெக்டர், அப்புறம் அந்தப் பெட்ரோல் வாடை

நண்பர் ஒருவர் தன்னுடைய டர்போ காருக்கும் என் ஃப்யூல் செட்டப்பையே போடப் போவதாகச் சொல்லிச் சாமான் பட்டியல் கேட்டார். டேங்குக்குள் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 550 சிசி தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கு, பூஸ்ட்டுக்கு, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்துக்கு, ஏற்ப பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர், பம்புக்குத் தனி ரிலே, பெட்ரோல் போக வர ஏஎன்-6 அளவு ஹோஸ் லைன். அனுப்பிவிட்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றோடுதான் நான் இத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால் நாளைக்கு அவர் என்னைத்தான் திட்டுவார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும்.

என்னுடையது டர்போ இல்லாமல் வந்த 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். டர்போ வீட்டில் வைத்துக் கட்டியது. 1 பார் பூஸ்ட்டில் ஓட்டும்போது பழைய பம்ப் எங்கே கைவிடுகிறது என்பது லாகில், அதாவது இன்ஜின் கணினியின் பதிவில், பளிச்சென்று தெரிந்தது. ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) அழுத்தம் 4 பாரில் நிற்க வேண்டும்; 5,500 ஆர்பிஎம் தாண்டியதும் 3.4க்கு இறங்கிவிடும். வைட்பேண்ட் சென்சார் காட்டும் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 இருந்தது 12.8க்கு ஏறும். முழு பூஸ்ட்டில் லீன் ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், பிஸ்டன் என்ன ஆகும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய செட்டப்பில் அந்த அழுத்தக் கோடு கடைசி வரை தட்டையாகப் போகிறது. இன்றைக்கும் அப்படித்தான். எத்தனை முறை லாகைத் திறந்து பார்த்தாலும் அலுக்கவில்லை.

ரெகுலேட்டரை ஏன் மாற்ற வேண்டும், பழையதும் பூஸ்ட்டைப் பார்த்து ஏற்றுகிற வகைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றுவது பிரச்சினை இல்லை, இறக்குவதுதான் பிரச்சினை. பெரிய பம்ப் தள்ளுகிற பெட்ரோலைத் திருப்பி அனுப்ப அதன் துளை போதாது. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) 2.5 பார் காட்ட வேண்டிய கேஜ் 3ஐத் தாண்டி நிற்கும். பெட்ரோல் அதிகமாகி, அதாவது ரிச்சாகி, பிளக் கறுத்துப்போகும்.

மொத்த வேலையில் போட்ட காசுக்கு மேலே திருப்பிக் கொடுத்தது பம்பும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை. ரிலேயும் தடித்த வயரும்தான். பழைய வயரிங்கில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் முனையில் 11.6. பெட்டியில் போட்டிருக்கிற 255 லிட்டர் 13.5 வோல்ட்டுக்கான கணக்கு. 11.6 கொடுத்துவிட்டு பம்பைக் குறை சொல்வது நியாயமே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே, தடித்த வயர், நல்ல எர்த். பம்ப் முனையில் 13.5 வந்துவிட்டது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு: ஐடில். பெரிய இன்ஜெக்டர் போட்டால் சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. இந்த இன்ஜெக்டரோடு டெட் டைம் அட்டவணையும் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்க எவ்வளவு கூடுதல் நேரம் எடுக்கும் என்ற கணக்கு அது. இன்ஜின் கணினியான ஈசியூவில் அதை அப்படியே ஏற்றினேன். ரேடியேட்டர் ஃபேன், ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஒன்றாக ஓடினாலும் ஆர்பிஎம் முள் அசையவில்லை. டர்போ இல்லாத காலத்தில்கூட இந்த வண்டி இவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

இனி வாடை.

வண்டி ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே டிக்கியைத் திறந்தால் குப்பென்று அடித்தது. புது வேலை, டேங்கின் மேலே பம்பைத் தாங்கும் மூடியைக் கழற்றி மாட்டியிருக்கிறோம், சிந்தியது காய்ந்தால் போய்விடும் என்று விட்டேன். போகவில்லை. ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் குறைய வேண்டும் இல்லையா? கூடியது. ஜன்னல் திறந்து வேகமாகப் போனால் கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்து, டிக்கிப் பக்கத்துக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, மூடினாலும் வாடை, திறந்தால் அதைவிட வாடை. தங்கை ஒரே ஒரு முறை பின் சீட்டில் வந்தாள். இறங்கும்போது, "அண்ணா, இனிமே நான் பஸ்லயே போறேன், துப்பட்டா வரைக்கும் நாறுது" என்றாள்.

கசிவு எங்கே என்று தேடினேன். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கிப் பார்த்தேன். உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் அதில் பெட்ரோல் வரும். காய்ந்திருந்தது. இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளிலும் ஈரம் இல்லை. ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் ஒரு பேப்பரிலும் சொட்டு ஈரம் இல்லை. எங்கேயும் கசிவே இல்லாத வண்டி, பெட்ரோல் பங்க் மாதிரி நாறியது.

கடைசியில் சுத்தமான பழைய துணி ஒன்றை எடுத்து, ஸ்டீல் பின்னல் ஹோஸ் ஒன்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி உருவி, துணியை மோந்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன். ஹோஸ் முழுக்கவே வாடை. ஒரு இடத்தில் ஓட்டை இல்லை. முழு நீளமும் மெதுவாக வியர்த்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டீல் பின்னல் அழகுக்கும் அழுத்தத்துக்கும்தான். பெட்ரோல் ஆவியை அது தடுக்காது. தடுக்க வேண்டியது உள்ளே இருக்கிற குழாய். அது சாதாரணச் செயற்கை ரப்பராக இருந்தால் பெட்ரோல் அதன் வழியாகவே ஊடுருவி வெளியே வரும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் வேகமாக. விற்றவர் 'பெட்ரோலுக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது. வெடிக்கவில்லை, உருகவில்லை. நாறாது என்று அவர் எங்கே சொன்னார்?

இன்ஜெக்ஷன் வண்டிக்கு ரப்பர் ஹோஸ் போட்டே ஆக வேண்டும் என்றால் அதன் மேலேயே எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று தரக் குறியீடு அச்சடித்திருக்க வேண்டும். அதன் உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர், ஊடுருவல் மிகக் குறைவு. ஜே30ஆர்7 என்பது கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்த வேலைக்கு. டேங்குக்குள் பம்பிலிருந்து மூடிக்குப் போகிற சின்னத் துண்டுக்கு இந்த இரண்டுமே ஆகாது, ஜே30ஆர்10 வேண்டும். மற்றவற்றுக்கு வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்ததில்லை. உப்பி, பிளந்து, வடிகட்டியில் போய் அடைக்கும். அச்சு இல்லாத ஹோஸை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள்.

நான் மொத்த லைனையும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்குழாய் உள்ள ஹோஸுக்கு மாற்றினேன். இதில் ஊடுருவல் அநேகமாக இல்லை. ஆனால் உள்குழாய் கறுப்பாக, கார்பன் கலந்து மின்கடத்தும் வகையாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் ஓடுகிற பெட்ரோலால் நிலைமின்சாரம் சேர்ந்து, பொறி பாய்ந்து, ஊசித்துளை விழ வாய்ப்பு உண்டு. இந்த ஹோஸ் ரப்பர் போல வளையவும் வளையாது. நெருக்கமான மூலையில் வளைத்தால் மடிந்துபோகும். அங்கே கோண ஃபிட்டிங்தான் வழி. எல்லாவற்றையும்விட எரிச்சல், ரப்பர் ஹோஸுக்கு வாங்கிய ஃபிட்டிங் இதற்குப் பொருந்தாது. இதற்கு உள்ளே சின்ன வளையம் ஒன்று வைத்து இறுக்குகிற வேறு வகை வேண்டும். நீலமும் சிவப்புமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய பழைய ஃபிட்டிங் எல்லாம் இப்போது ஒரு டப்பாவில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் விலையும் ஞாபகம் இருக்கிறது.

வாடை முக்கால்வாசி போனது. மிச்சக் கால்வாசிதான் என்னைப் பைத்தியம் ஆக்கியது. ஏனென்றால் அது எப்போதும் வரவில்லை. டேங்க் நிரப்பினால் வரும், பாதிக்குக் கீழே போனால் காணாமல் போகும். நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால் தாங்காது.

டேங்க் மூடியைச் சந்தேகப்பட்டேன். கடைசல் வேலை செய்த அலுமினிய மூடி, பம்ப் தாங்கி, வயர் எல்லாம் சேர்த்து செட்டாக வந்தது. மூடியின் வேலைப்பாடு அருமை. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அங்கே ஈரம் இல்லை. அப்புறம்தான் வயர் கண்ணில் பட்டது. பம்பின் வயர் இரண்டும் மூடியில் ஒரு ரப்பர் அடைப்பின் வழியாக நேராக வெளியே வந்து, அரை கை நீளம் தாண்டி கனெக்டரில் முடிகின்றன. அந்தக் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே ஈரம். பின்களைச் சுற்றி லேசாகப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பு. வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் செம்புக் கம்பிகள் நனைந்து மினுமினுத்தன.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, வயருக்குள் இருக்கிற மெல்லிய கம்பிகளுக்கு நடுவே பெட்ரோல் ஏறி வந்திருக்கிறது. ரப்பர் அடைப்பு வயரின் உறையை வெளியேதான் இறுக்கிப் பிடிக்கிறது. உறைக்கு உள்ளே இருக்கிற வழியை யார் அடைப்பது? டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டம் மூடியை நெருங்கும், ஏற வேண்டிய உயரம் குறையும், வாடை வரும். பாதி டேங்கில் அவ்வளவு உயரம் ஏற முடியாது. புரிந்ததும் ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் சிரிப்பு போய்விட்டது; பெட்ரோலில் நனைந்த கனெக்டரில்தான் இத்தனை நாளும் எட்டு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்குச் சரியான பாகம் சாதாரண விஷயம்: மூடியில் பொருத்துகிற கெட்டிப் போல்ட் முனை. உள் வயர் உள்ளே போல்ட்டில் முடியும், வெளி வயர் வெளியே தொடங்கும், நடுவில் திட உலோகம். போல்ட்டைச் சுற்றி மின்காப்பும் ஓ-ரிங்கும். உள்ளே போகிற வயரின் உறையும் பெட்ரோல் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். சாதாரண பிவிசி உறை பெட்ரோலில் ஊறினால் விறைத்து விரிசல் விட்டுவிடும். இவ்வளவு நேர்த்தியாக மூடி கடைந்தவர், கடைசி இரண்டு போல்ட்டில் மிச்சம் பிடித்திருக்கிறார். எழுதிக் கேட்டேன், 'பந்தய வண்டிக்கு இது போதும்' என்று பதில் வந்தது. பந்தய வண்டியில் தங்கையை யார் ஏற்றுகிறார்கள்?

போல்ட் முனை போட்ட பிறகு வாடை நின்றது. முழு டேங்க், வெயில், மூடிய ஜன்னல், ஒன்றும் இல்லை. கரிப் பெட்டியை, அதாவது டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கிற கேனிஸ்டரை, நான் கழற்றாமல் விட்டதும் ஒரு காரணம். பலர் இடம் போதவில்லை என்று முதலில் தூக்கி எறிவது அதைத்தான். எறியாதீர்கள். பூஸ்ட் பின்னோக்கிப் போகாமல், பெட்டியிலிருந்து ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் பர்ஜ் லைனில் ஒருவழி வால்வு ஒன்று போட்டால் போதும். முன்பைவிட இப்போதுதான் அதற்கு வேலை அதிகம். ஐடிலில் இன்ஜின் குடிப்பது மணிக்கு ஒரு லிட்டர் அளவு. பம்ப் தள்ளுகிற மிச்சம் அத்தனையும் சூடான ரெயிலைச் சுற்றிவிட்டு டேங்குக்கே திரும்புகிறது. 45 லிட்டர் டேங்க் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சுற்றி வருகிறது. பம்ப் இழுக்கிற நூறு வாட் சொச்சமும் பெட்ரோலில் சூடாகத்தான் போய்ச் சேரும். நெரிசலில் நின்றுவிட்டு வந்து பெட்ரோல் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். பம்பின் வேகத்தைக் குறைக்கிற கண்ட்ரோலர் போட்டால் இதுவும் தீரும். போடுவேனா தெரியாது. கையில் தெம்பு இல்லை.

இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது. அழுத்தம் நிற்கிறது, ஐடில் நிற்கிறது, வாடை இல்லை. ஆனாலும் நண்பரிடம் 'போடாதே' என்றுதான் சொன்னேன். எனக்கு 240 குதிரைத்திறன் வேண்டும், அதற்கு மணிக்குக் கிட்டத்தட்ட 88 லிட்டர் பெட்ரோல் வேண்டும், வேறு வழி இல்லை. அவர் ஓட்டுவது 0.6 பார். அவருடையது ரிட்டர்ன் லைன் இல்லாத வகை. ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கிறது, ரெயிலில் எப்போதும் 4 பார். அந்த 0.6 எதிர்த்து நின்றால் இன்ஜெக்டருக்கு 3.4 மிஞ்சும். பாய்வு வர்க்கமூலக் கணக்கில் போவதால் இழப்பு எட்டு சதவீதம்தான். இன்ஜெக்டர் ட்யூட்டி, அதாவது அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, 85 சதவீதத்துக்குள் இருந்தால் அதை ஈசியூவின் பெட்ரோல் மேப்பிலேயே சரிக்கட்டிவிடலாம். டேங்கின் பம்ப் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

மனுஷன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. நீல நிற ஃபிட்டிங் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். முதலில் ரிலேயும் தடித்த வயரும் மட்டும் போடு, மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் ஒரு லாக் எடு, ரெயில் அழுத்தமும் ட்யூட்டியும் எனக்கு அனுப்பு, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.