கன்சர்வேட்டரி போட முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் கிராமப்புறமாக வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். அதுவும் பழைய தானியக் கொட்டகையை வீடாக மாற்றிய ‘பார்ன் கன்வர்ஷன்’ வீடு என்றால் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் வீடு காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில், சின்ன ஊரில். மாமியார் வருஷா வருஷம் கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் இருப்பார். மே மாதத்திலும் கம்பளிக்குள்தான் உட்கார்ந்திருப்பார். “வெயில் வேணும்மா, இந்தக் காத்துதான் ஆகல” என்பார். அவருக்காகப் பின்பக்கம் ‘கன்சர்வேட்டரி’ எனப்படும் ஒரு கண்ணாடி அறை போடலாம் என்று 2025 பிப்ரவரியில் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம்.

வந்த சேல்ஸ்மேன் 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டார். “பிளானிங் பெர்மிஷன் (உள்ளூர் கவுன்சில் தரும் கட்டுமான அனுமதி) வேண்டாமா?” என்று இரண்டு தடவை கேட்டேன். “30 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒன்றும் வேண்டாம், தினமும் செய்கிற வேலைதான்” என்றார். எழுதி அனுப்பச் சொன்னேன். மறுநாளே ஈமெயிலில் வந்தது. அதை நம்பி முன்பணம் 7,500 பவுண்டை பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பிவிட்டோம்.

அவர் சொன்ன 30 சதுர மீட்டர் கணக்கு உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டடத்தின் பாதுகாப்பு, தரம் பற்றிய விதிகள் சம்பந்தப்பட்டது. தரைத்தளத்தில், 30 சதுர மீட்டருக்குள், வீட்டுக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே வெளிவாசல் தரத்தில் கதவு வைத்து, வீட்டு ஹீட்டிங்கை அதற்குள் இழுக்காமல் கட்டினால் அந்த விதிகளிலிருந்து பெரும்பாலும் விலக்கு உண்டு. பிளானிங் பெர்மிஷன் முற்றிலும் வேறு விஷயம். தனி வீடாக இருந்தால் பின்பக்கம் 4 மீட்டர் வரை, ஒட்டிய வீடாக இருந்தால் 3 மீட்டர் வரை, இன்னும் சில நிபந்தனைகளோடு அனுமதி கேட்காமலே கட்டலாம். ‘பெர்மிட்டட் டெவலப்மென்ட்’ என்பது இதைத்தான். காட்ஸ்வோல்ட்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் பக்கவாட்டில் இந்த உரிமை கிடையாது. இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், கவுன்சில் இந்த உரிமையை ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு மட்டும் எடுத்துவிட்டிருக்கலாம். கொட்டகையை வீடாக மாற்ற அனுமதி கொடுக்கும்போது இப்படிச் செய்வது இங்கே சர்வசாதாரணம். முழு பிளானிங் பெர்மிஷன் இல்லாமல் பண்ணைக் கொட்டகையை வீடாக மாற்ற விடும் ‘கிளாஸ் க்யூ’ விதி வழியாக வீடான கொட்டகைகளுக்கோ அந்த உரிமை ஆரம்பத்திலிருந்தே இல்லை.

ஏப்ரலில் தோண்டினார்கள். கான்கிரீட் போட்டு, முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவரும் எழுப்பியாகிவிட்டது. அப்போதுதான் கவுன்சிலிலிருந்து கடிதம். பார்க்க வந்த அதிகாரி அம்மா மரியாதையாகத்தான் பேசினார். கையில் 1997ஆம் ஆண்டு அனுமதிக் கடிதத்தின் நகல். டைப் எழுத்து பாதி மங்கியிருந்தது. ஆறாவது நிபந்தனையில் விரலை வைத்துக் காட்டினார்: கவுன்சிலின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இந்த வீட்டோடு எதையும் சேர்த்துக் கட்டக்கூடாது, கொட்டகையின் தோற்றம் மாறக்கூடாது என்பதே காரணம். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் (வக்கீல்) கொடுத்த கோப்பை அன்றிரவு பிரித்துப் பார்த்தேன். அதே தாள் அதற்குள் இருந்தது. நான் படிக்கவில்லை. கட்டுகிற கம்பெனிக்காரருக்கோ கவுன்சில் இணையதளத்தில் எங்கள் முகவரியைப் போட்டுத் தேட ஐந்து நிமிஷம் போதும்.

கம்பெனிக்குப் போன் செய்தால், ஒப்பந்தத்தின் பின்பக்கப் பொடி எழுத்தில் ‘அனுமதிகள் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று இருக்கிறது, பணம் திரும்ப வராது என்றார்கள். வேலையாட்களும் அதோடு வரவில்லை. நாங்களே 528 பவுண்டு கட்டி, ஏற்கெனவே கட்டியதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். எட்டு வாரம் கழித்து மறுத்துவிட்டார்கள். கல் சுவரோடு வெள்ளை பிளாஸ்டிக் சட்டம் ஒட்டாதாம். கோபம் வந்தாலும், கவுன்சில் சொன்னதில் தப்பு இல்லை.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடக்கப்போகிறது என்றால், முதலில் அந்த வீட்டின் பழைய அனுமதிக் கடிதங்களை நிபந்தனை விடாமல் படியுங்கள். சந்தேகம் இருந்தால் கவுன்சிலிடம் ‘லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிஃபிகேட்’ கேளுங்கள்; தனி அனுமதி இல்லாமலே கட்டலாம் என்பதற்கான சான்றிதழ் அது. கட்டும் முன் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். முன்பணத்தில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கொடுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள வேலைக்கு, 1974ஆம் ஆண்டு கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும். பேங்க் டிரான்ஸ்ஃபரில் கொடுத்த எனக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

இப்போது என்னிடம் மிச்சமிருப்பது அந்த ஈமெயில். வேலை எடுப்பவர் சொன்னதை நம்பி நாம் முடிவெடுத்தால், அவர் சொன்னதும் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும் என்கிறது 2015ஆம் ஆண்டு கன்ஸ்யூமர் ரைட்ஸ் சட்டத்தின் 50ஆம் பிரிவு. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸில் பேசிவிட்டு, 10,000 பவுண்டுக்குள்தானே என்று சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸில் வழக்குப் போட்டிருக்கிறேன். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. செங்கல் சுவரை இடித்து, கான்கிரீட்டைப் பெயர்த்துப் புல் போட கவுன்சில் கெடு கொடுத்திருக்கிறது. அதற்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.